கொடுபட வேண்டிய கூலி

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்த விடையோடு அவருடைய லாபக் கணக்கின் விடை ஒத்துப்போனதே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. கூட்டல் தப்பு என்று சொல்ல முடியாது. அவருடைய கூட்டலை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். கணக்கில் இல்லாத ஒரு வரியை அவர் எல்லாக் கணக்கிலும் சேர்த்துக்கொள்வார். விடை அங்கேயே விலகிவிடும்.

தேனியில், கம்பம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சனி, ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. மூன்று மாதத்தில் அடிப்படை வணிகக் கணக்கு. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். பற்று எது, வரவு எது என்று தெரியாமல் நான் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையைப் பார்த்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டு நாள் தூங்கவில்லை. அதன்பிறகு அலுவலகமே பணம் கட்டி என்னை அங்கே அனுப்பியது. மற்ற மாணவர்கள் கல்லூரி முடித்த ஐந்து பையன்கள். ஏழாவது ஆள் இவர். நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அருகில் உட்கார்ந்தால் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம்; என்னை அவர் ஆத்தா என்பார். பாடம் எடுத்த சாரும் சில நாள் தன்னை மறந்து அப்படியே கூப்பிட்டுவிடுவார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய கணவர் வீட்டார் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

முதல் வகுப்பில் சார் பலகையில் ஓர் எளிய கணக்கு எழுதினார். ஒரு வணிகர் இவ்வளவுக்குச் சரக்கு வாங்கினார், இவ்வளவுக்கு விற்றார், வண்டி வாடகை இவ்வளவு, வேலையாள் கூலி இவ்வளவு, லாபம் எவ்வளவு? பையன்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு போனை எடுத்தார்கள். இவர் எழுந்து நின்றார்.

"சார், இந்தக் கடையக் காலையில தொறந்தது யாரு?"

"ஓனர்தாம்மா."

"அவரு சாப்புடப் போனப்ப கல்லாவுல உக்காந்தது?"

பையன்கள் சிரித்தார்கள். கணக்கில் கொடுத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சார் பொறுமையாகச் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நோட்டில் வேலையாள் கூலிக்கு அடியில் 'வீட்டாள் கூலி' என்று எழுதினார், எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார், இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம் கட்டினார். அந்தக் கட்டம், அந்த ஒரு நாளைத் தவிர, மூன்று மாதமும் எந்தக் கணக்கையும் விட்டு நீங்கவில்லை. புத்தகத்தில் வணிகர் மர வியாபாரியாக இருந்தாலும் சரி, துணி வியாபாரியாக இருந்தாலும் சரி, அவர் வீட்டில் யாரோ ஒருத்தி கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருப்பதாகவே இவர் எடுத்துக்கொள்வார். முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டங்களை எல்லாம் சார் அடித்திருக்கிறாரே தவிர ஒன்றைக்கூடத் தப்பென்று நிரூபிக்கவில்லை என்றார்.

அவருடைய நோட்டையும் சொல்ல வேண்டும். அது கடையில் வாங்கியது இல்லை. அவர் வீட்டாருக்கு நேந்திரங்காய் சிப்ஸ் தொழில். பாக்கெட்டில் ஒட்டும் லேபிள்களை ஒரு தடவை அச்சகத்தில் மாதம் மாற்றி அடித்துவிட்டார்களாம். வீணான லேபிள் கட்டுகளை ஓரத்தில் தைத்து வைத்திருந்தார். முன்பக்கம் வாழைக்காய் படம், பின்பக்கம் இருப்புநிலைக் குறிப்பு. "காசு குடுத்துக் கெட்டது. எழுதியாச்சும் தீக்கணும்" என்பார்.

தேய்மானப் பாடம் வந்தது. அறுபதாயிரம் ரூபாய் இயந்திரம், பத்து வருட ஆயுள், கடைசியில் எஞ்சிய மதிப்பு ஐந்தாயிரம். வருடத் தேய்மானம் ஐயாயிரத்து ஐந்நூறு என்று எல்லோருக்கும் முன்பு சொன்னது இவர்தான். சொல்லிவிட்டு வலது கையை நீட்டினார். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புள்ளிகள்.

"இந்த மணிக்கட்டு நிமிசத்துக்கு நாப்பது தடவ காய் சீவுது சார். இதுக்கு எத்தன வருசம் போடலாம்?"

"எஞ்சிய மதிப்பு எவ்வளவுக்கா?" என்று ஒரு பையன் பின்னாலிருந்து கேட்டான்.

"அத என் மாமியாகிட்டத்தேன் கேக்கணும்."

முதலில் சிரித்தது அவர்தான்.

உரிமையாளர் தன் கடையிலிருந்து எடுக்கும் பணத்துக்கு எடுப்புகள் என்று பெயர், அது செலவு ஆகாது என்ற பாடத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. "எடுத்தாத்தானே சார் எடுப்பு. எடுக்காம வேலை மட்டும் பாத்தவளுக்கு எந்தப் பக்கம் எடம், எடது பக்கமா வலது பக்கமா?" சார் பலகையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சின்னமனூருக்குப் போனேன். சிறு தொழில்களில் பில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்து வர அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவருடைய கணவரும் கணவரின் அண்ணனும் சேர்ந்து ஆறு வருடமாக நடத்தும் சிப்ஸ் கொட்டகை அது. சரக்கு கேரள எல்லையில் குமுளிக் கடைகளுக்குப் போகும். நான் எங்கே போனாலும் முதலில் பட்டியல் போடுவேன். இடது பக்கம் வேலை, வலது பக்கம் அதைச் செய்பவர். காய் பேரம் பேசுவது முதல் பாக்கெட் எண்ணி ஏற்றுவது வரை பதினேழு வேலைகள் வந்தன. கூலிக்கு வந்த பெண்கள் மூன்று வேலை செய்தார்கள்: தோல் உரிப்பது, மஞ்சள் தண்ணீரில் அலசுவது, பாக்கெட் ஒட்டுவது. கணவருக்கு இரண்டு, வண்டி ஓட்டுவதும் குமுளியில் பணம் வசூலிப்பதும். மூத்தவருக்கு ஒன்று, மேசையில் உட்கார்ந்து நோட்டு எழுதுவது. மீதிப் பதினொன்றுக்கும் வலது பக்கம் ஒரே பெயரை எழுதினேன்.

அந்தப் பதினொன்றில் பொரிப்பதும் ஒன்று. சீவுகட்டையைச் சட்டிக்கு மேலேயே பிடித்து, காயை நேராகக் கொதிக்கும் எண்ணெயில் சீவினார். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே ஊற்றினார். சட்டி சீறியது. நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் அசையாமல் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மெலிந்து ஒரு கட்டத்துக்கு வந்ததும் "மதி" என்றார். போதும் என்பதற்கு அந்தக் கொட்டகையில் எல்லோரும் மலையாளத்தில்தான் சொல்வார்கள். ஜல்லிக் கரண்டி இறங்கியது. எத்தனை நிமிடம் என்று கேட்டேன். நிமிடம் இல்லை, காயைப் பொறுத்தது, மழைக்காலத்துக் காய் அதிகம் சத்தம் போடும் என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோதுதான் அவர் வகுப்புக்கு வரும் காரணத்தைச் சொன்னார். மூத்தவருடைய மகன் படிப்பை முடித்துவிட்டான். தொழிலை அவனிடம் கொடுக்கப் போகிறார்கள். தம்பிக்குப் பங்கைப் பிரித்துக் கொடுத்து அனுப்பிவிடுவதாகப் பேச்சு. தொடக்கத்தில் மூத்தவர் போட்டது நான்கு லட்சம், தம்பி போட்டது ஒரு லட்சம். ஆறு வருடத்தில் வீட்டுச் செலவுகள் போகத் தொழிலில் சேர்ந்த லாபம் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தம்பிக்கு லாபம் இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம், முதலோடு சேர்த்து மூன்று லட்சத்து இருபத்தெட்டாயிரம். இதை ஒரே தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டார்கள். கணவர் பழையபடி லாரி ஓட்டப் போகலாம். இவர் என்ன செய்வார் என்பது அந்தத் தாளில் இல்லை.

"தாள வாங்கிப் பாத்தேன் ஆத்தா. எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருந்துச்சு. அதுதேன் பயமா இருந்துச்சு. எங்கன தப்புன்னு காட்டத் தெரியல. அதுக்குத்தேன் வாரேன்."

அடுத்த வாரம் சரிக்கட்டுப் பதிவுகள் என்ற பாடம். சார் பலகையில் எழுதினார்: கொடுபட வேண்டிய கூலி, ரூபாய் மூவாயிரம். வேலை நடந்துவிட்டது, கூலி இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் அது அந்த வருடத்துச் செலவுதான், லாபத்தில் கழிக்க வேண்டும். இன்னொரு பக்கம் அது தொழிலின் கடன் என்று விளக்கினார்.

இவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார். "இதுக்குப் பேரு இருக்கா சார்?"

அன்றைக்கு அவர் கட்டம் கட்டவில்லை. அன்றைக்குத்தான் அவருடைய விடை புத்தகத்தின் விடையோடு ஒத்துப்போனது.

வகுப்பு முடிந்ததும் சாரிடம் போய்த் தன் விஷயத்தை முழுவதும் சொன்னார். சார் நேர்மையான மனிதர். கூலி என்றால் முதலிலேயே பேசியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "வேலை வாங்குறப்பப் பேசல சார். அதுக்காக நான் பாத்த வேலை பாக்காததா ஆயிருமா?" என்று இவர் கேட்டார். அந்த வேலைக்கு அந்தத் தொழிலே ஒரு விலை கொடுத்திருந்தால், அதற்கு ஓர் அத்தாட்சி இருந்தால், பேசிப் பார்க்கலாம் என்றார் சார்.

அந்த வாரம் இவர் கொட்டகையின் ஆறு வருடக் கணக்கையும் முறையாக டைப் செய்து தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் ஒழுங்காகச் செய்தேன். மிக ஒழுங்காக. புத்தகத்தில் இருந்த அதே வரிசை, அதே தலைப்புகள். பேசி முடிக்காத கூலியை லாப நட்டக் கணக்கில் எழுத விதி இல்லை என்பதால், பக்கத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பாகப் போட்டேன்: குடும்ப உறுப்பினரின் உழைப்பு கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதைச் செய்தபோது நியாயமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"நீயும் என்னைய அடியில போட்டுட்டியே ஆத்தா."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் பல கணக்குகளில் பல தப்புகள் செய்திருக்கிறேன். எதையும் இந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, அவர் பார்த்த வேலைக்கு எப்போதாவது வெளியாளுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் உடனே இல்லை என்றார். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. மூன்றாம் வருடம் தனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது குமுளியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து பொரித்ததாகச் சொன்னார். மறுநாள் கொட்டகைப் பரணிலிருந்து பழைய நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். மூத்தவருடைய கையெழுத்து. பொரிப்பு மாஸ்டர் கூலி, பன்னிரண்டு நாள், நாளைக்குத் தொள்ளாயிரம், மொத்தம் பத்தாயிரத்து எண்ணூறு. சாப்பாடு தனி.

உரக்கடை மாடியில், வகுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அந்தக் கணக்கைப் போட்டோம். வருடத்துக்கு முந்நூறு நாள், ஆறு வருடம், ஆயிரத்து எண்ணூறு நாள். நான் ஒரு யோசனை சொன்னேன். கூலிப் பெண்களுக்குக் கொடுப்பது முந்நூற்றைம்பது. அந்த விகிதத்தில் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், தொள்ளாயிரம் ஆம்பளை மாஸ்டர் கூலி ஆயிற்றே என்றேன்.

"எண்ணெய்க்கு ஆம்பள பொம்பள தெரியுமா? அவனுக்குச் சுட்டா கொப்புளம், எனக்குச் சுட்டா குங்குமமா?"

தொள்ளாயிரம் என்று எழுதினேன். முதல் இரண்டு வருடம் கூலி குறைவாக இருந்திருக்குமே என்றேன். பிந்திய வருடங்களில் கூடியிருக்கும், இரண்டும் சரியாகப் போயிற்று என்றார். பெருக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காய்ச்சல்ல கெடந்த பன்னெண்டு நாளக் கழி. அன்னைக்கு நான் பொரிக்கல."

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு நாள். பதினாறு லட்சத்து ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். இதை லாபத்தில் கழித்தால் அந்தத் தொழில் ஆறு வருடத்தில் நான்கு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய் நட்டம். அவர் ஒரு வாழைக்காய் லேபிளின் பின்னால் அதைப் பேனாவால் எழுதி, முதன்முறையாகக் கேள்விக்குறி இல்லாமல் கட்டம் கட்டினார்.

பாகம் பேசிய அன்று நானும் மடிக்கணினியோடு போனேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சொந்தக்காரர் நடுவராக உட்கார்ந்திருந்தார். மூத்தவர் மோசமானவராகத் தெரியவில்லை. எனக்கு முதலில் டீ வரவழைத்தது அவர்தான். தம்பி பெண்டாட்டி கூலி என்று தொடங்கியதும் டம்ளரை வைத்துவிட்டார்.

"குடும்பத்துக்குள்ள கூலி கேக்குறது எங்கன உள்ள வழக்கம்? நாளைக்குச் சோறு பொங்குனதுக்கும் பில்லு நீட்டுவ போல."

"சோறு வீட்டுக்கு மச்சான். அதுக்குப் போடல. சிப்ஸு கடைக்கு."

பழைய நோட்டை நடுவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். யாருடைய கையெழுத்து என்று கேட்டார். அது வெளியாள், வந்த இடத்தில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் மூத்தவர்.

இவர் குரலை உயர்த்தவே இல்லை. "லாபம்னு எதப் பங்கு போடுறீக மச்சான்? என் கூலியத்தேன் அஞ்சாப் பிரிச்சு, நாலு நீங்க எடுத்துக்கிட்டு, ஒன்ன எனக்கே தர்றீக."

மூத்தவர் தம்பியைப் பார்த்து, நீ என்னடா சொல்கிறாய் என்று கேட்டார். அதுவரை வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த கணவர், தரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த மாஸ்டரக் கூட்டியாந்தது நான்தேன். அவரு பொரிச்சத ரெண்டு கடையில திருப்பி விட்டாக. இவ பொரிச்சத ஒருத்தரும் திருப்புனது இல்ல."

அவர் அதிகம் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

பதினாறு லட்சம் வரவில்லை. வரும் என்று இவரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நடுவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, தாளில் எழுதிய தொகையை முதலில் கொடுத்து முடியுங்கள் என்றார். விடுதலைப் பத்திரத்தை மூத்தவர் முன்பே எழுதி வைத்திருந்தார். மூன்று லட்சத்து இருபத்தெட்டாயிரம் பெற்றுக்கொண்டதாகவும், இனி எவ்விதப் பாக்கியும் இல்லை என்றும். கணவர் பேனாவைத் திறந்தார். இவர் பத்திரத்தை வாங்கி, கடைசி வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"வாங்குனதுக்கு இவுக கையெழுத்துப் போடுவாக. பாக்கி இல்லைங்கிறதுக்குப் போட மாட்டாக. அடிச்ச எடத்துக்குப் பக்கத்துல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க மச்சான். திருத்துனா ரெண்டு பேரும் போடணும்."

அது எங்கள் நாலாவது வாரப் பாடம். ஒரு வாக்கியம்தானே, போனால் போகிறது என்று நடுவர் சொன்னார். மூத்தவர் எரிச்சலோடு போட்டார். பாக்கி உண்டு என்று அந்தப் பத்திரம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வேறு ஊருக்குப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னமனூரிலேயே, பழைய கொட்டகைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார். ஓர் அடுப்பு, ஒரு சட்டி, தோல் உரிக்க ஒரு பெண். புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் மூத்தவர் பெயரை எழுதி, வரவேண்டியது பதினாறு லட்சத்து ஒன்பதாயிரத்து இருநூறு என்று எழுதினார். சார் அதைப் பார்த்துவிட்டு, இது வராக்கடன், நட்டத்தில் தள்ளிவிடுவதுதான் முறை என்றார். கொடுக்காதது அவர்கள், வராது என்று நான் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார் இவர். வருடா வருடம் அதை அடுத்த நோட்டுக்கு எடுத்து எழுதுகிறார் என்று கேள்வி. மூத்தவரின் தொழிலும் நன்றாகத்தான் நடக்கிறது. சீவுவதற்கு இயந்திரம், பொரிப்பதற்குக் கூலிக்கு ஒரு மாஸ்டர். அவருடைய நோட்டில் இப்போது தினமும் பொரிப்புக் கூலி என்று ஒரு வரி கூடுதல்.

புதுக் கடையின் முதல் மாதக் கணக்கை என்னிடம் காட்டினார். எல்லாச் செலவும் போக மிஞ்சியது பதினாலாயிரத்து நூற்றைம்பது. அதற்குக் கீழே தன் கூலியை எழுதியிருந்தார், இருபத்தாறு நாளைக்கு இருபத்து மூவாயிரத்து நானூறு. நட்டம் ஒன்பதாயிரத்து இருநூற்றைம்பது. தொழில் நிமிரும் வரைக்கும் தன் கூலியைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமே என்று நான் மறுபடியும் என் புத்தியைக் காட்டினேன்.

"கடைதேன் எனக்குப் பாக்கி வச்சிருக்கு. நான் கடைக்கு இல்ல" என்று சொல்லி, அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எதிரே எழுதினார்: கொடுபட வேண்டிய கூலி.

பிறகு நான் வேலை மாறி மதுரைக்கு வந்துவிட்டேன். புதுக் கடையின் ஏழாவது மாதம் ஒரு நாள், தேனிக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டியபோது போன் வந்தது. பின்னால் சட்டி சீறும் சத்தம். கணக்குப் போட்டுவிட்டாராம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தாராம்.

"லாபம் ஆத்தா. நாப்பது ரூவா."

பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம். "எல்லாக் கூலியும் போகவாக்கா?"

"எல்லாக் கூலியும் போக" என்றார். "என்னதும் போக."